எபிசோடு 37: பதினைந்து வீட்டுக்குப் போகும் பாட்டில் – பீர் ஸ்வாப்புக்குத் தயாராவது எப்படி?

(ஒலிவடிவத்தில் பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

போன வாரம் டேட்டாபேஸ், அதுக்கு முந்தின வாரம் மெக்கானிக்கல் கீபோர்டு. இந்த வாரம் வேற ரூட்டு. பீர். குடிக்கிறது பத்தி இல்லை, செய்றது பத்தி. அதைவிட முக்கியமா, நாம செஞ்சதை இன்னொருத்தர் கையில் கொடுக்கிறது பத்தி.

முதல்லயே ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் இருக்கிறது அமெரிக்காவில், சியாட்டில் பக்கம். இங்கே 21 வயது தாண்டியவர் வீட்டிலேயே பீர் செய்யலாம், ஆனால் விற்கக்கூடாது. தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதனால் சென்னையில், கோவையில் இருந்து கேட்கிறவங்க இதை அறிவியலா கேளுங்க, செய்முறையா எடுத்துக்காதீங்க.

ஸ்வாப் என்றால் என்ன?

ரொம்ப சிம்பிள். எங்கள் குழுவில் 16 பேர். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒருத்தர் வீட்டு கராஜில் கூடுவோம். ஒவ்வொருத்தரும் தான் செய்த பீரில் 15 பாட்டில் கொண்டுவரணும், மத்த 15 பேருக்கு ஆளுக்கு ஒன்று. வீட்டுக்குத் திரும்பும்போது உங்கள் பெட்டியில் 15 விதமான பீர் இருக்கும். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுக்கிற மாதிரிதான். இங்கே எல்லாருமே மாப்பிள்ளை வீடு, எல்லாருமே விருந்தாளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் தபாலில் அனுப்பாமல் நேரில் கூடுறாங்க? அமெரிக்க அஞ்சல் துறை வழியா மது அனுப்பக்கூடாது. அதோட, வீட்டில் பீர் செய்கிற சமாச்சாரமே இந்த நாட்டில் அப்படியொன்றும் பழைய உரிமை இல்லை. 1920-இல் நாடு முழுக்க மதுவிலக்கு வந்தது, 1933-இல் போனது. ஆனால் வீட்டில் பீர் செய்பவர்களுக்கு அப்போதும் வரிவிலக்கு கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது சட்டபூர்வமானது. ஒருத்தருக்கு வருஷத்துக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு 200 கேலன். இதுவும் மத்திய அரசு அளவில்தான். மிசிசிப்பியும் அலபாமாவும் அனுமதித்தது 2013-இல். அதாவது நான் காலேஜ் போக ஆரம்பித்த காலத்தில்!

நாலு பொருள், ஒரு உயிர்

பீருக்கு வேண்டியது தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. நம்ம வீட்டில் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, சத்துமாவு அரைக்கிற அதே வேலைதான். முளைவிடும்போது தானியத்துக்குள் என்சைம்கள் உருவாகும். அந்த மால்ட்டை உடைத்து, 65-லிருந்து 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், என்சைம்கள் மாவுச்சத்தை சர்க்கரையாக வெட்டும். வடிகட்டி எடுக்கிற இனிப்புத் தண்ணிக்குப் பேர் வோர்ட்.

வோர்ட்டை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஹாப்ஸ் போடணும். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. கசப்பும் வாசனையும் அதில் இருந்துதான். நான் இருக்கிற வாஷிங்டன் மாநிலத்தில்தான், யாகிமா பள்ளத்தாக்கில், அமெரிக்க ஹாப்ஸின் பெரும்பகுதி விளைகிறது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேர டிரைவ்.

அப்புறம் 20 டிகிரிக்கு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் கொடுக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. சியாட்டில் குளிரில் இட்லி மாவு புளிக்காது. விளக்கை மட்டும் எரியவிட்டு அவனுக்குள் வைக்கணும், எல்லா தேசி வீட்டிலும் இதுதான் கதை. பீருக்கு நேர் எதிர். 18-லிருந்து 20 டிகிரிதான் அதுக்குச் சுகம். வெயில் ஏறினால் பழவாசனையும் பெயின்ட் வாடையும் வந்துடும். இன்னொன்று: இட்லி மாவைப் புளிக்கவைக்கிற லாக்டிக் பாக்டீரியா, பீருக்கு வில்லன். என் முதல் பேட்ச் மோர் மாதிரி புளித்துப்போனது. நான் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்த மேடையிலேயே பீருக்கான குழாயையும் வைத்திருந்தேன். அதுதான் காரணம்னு நிரூபிக்க முடியாது, ஆனால் அன்றிலிருந்து மாவு ஒரு நாள், பீர் ஒரு நாள்.

தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஸ்வாப்புக்குத் தயாராகிறதில் முதல் வேலை ரெசிபி தேடுவது இல்லை, காலண்டர் எடுப்பது. ஸ்வாப் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணணும்.

பாட்டிலில் அடைத்தபின் கேஸ் ஏற மூன்று வாரம். அதுக்கு முன் நொதிக்க இரண்டு, இரண்டரை வாரம். அதுக்கும் முன் "ஏதாவது சொதப்பினால்" என்று ஒரு வாரம். ஆக ஆறரை வாரம். சாஃப்ட்வேர்காரங்களுக்குத் தெரியும், அந்தக் கடைசி ஒரு வாரத்தைத்தான் எல்லாரும் முதல்ல வெட்டுவோம்.

எந்த பீர் என்பதும் காலண்டரைப் பொறுத்தது. ஹாப்ஸ் வாசனை தூக்கலான பேல் ஏல், ஐபிஏ எல்லாம் நாள் ஆக ஆக மங்கும், அடைத்து ஒன்று இரண்டு மாதத்துக்குள் குடிக்கணும். பார்லிவைன் மாதிரி கனமான பீர் மாதக்கணக்கில் வைத்தால்தான் பக்குவமாகும். உங்கள் பாட்டிலை வாங்கிப் போகிறவர் நாளைக்கே திறப்பாரா, மூன்று மாதம் கழித்துத் திறப்பாரா, உங்களுக்குத் தெரியாது. அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மூடி மேல் மார்க்கரால் உங்கள் எண், கூடவே ஒரு சின்னச் சீட்டு: என்ன பீர், எத்தனை சதவீதம், எப்போது அடைத்தது, எப்போதிலிருந்து குடிக்கலாம், எதுவரைக்கும் தாங்கும். லாக்டோஸ், கொட்டை, பழம் ஏதாவது சேர்த்திருந்தால் அதுவும் எழுதணும். ஒவ்வாமை விஷயத்தில் விளையாட்டு கிடையாது.

பாட்டில் விஷயம் சுருக்கமா: பழுப்புக் கண்ணாடிதான் எடுக்கணும். ஹாப்ஸில் இருந்து வரும் கசப்புப் பொருள் மேல் வெளிச்சம் பட்டால் ஒரு கந்தக வாடை வரும். பச்சைக் கண்ணாடி, வெள்ளைக் கண்ணாடி இரண்டும் அதைத் தடுக்காது. திருகி மூடுகிற பாட்டில் வேண்டாம், மூடியைக் கேப்பரால் அமுக்கி மூடுகிற வகைதான் நல்லது. நிரப்பும்போது மேலே இரண்டரை சென்டிமீட்டர் இடம் விடுங்க. சலசலவென்று ஊற்றாமல், பாட்டிலின் அடிவரை குழாய் விட்டு மெதுவா நிரப்பணும். காற்று கலந்தால் சில வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி சுவை வரும்.

ஸ்பூன் கணக்கு

இப்போ முக்கியமான இடம். பாட்டிலுக்குள் கேஸ் எப்படி வருது? அடைப்பதற்கு முன் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்போம். மிச்சமிருக்கிற ஈஸ்ட் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விடும். மூடி போட்டிருப்பதால் அது வெளியே போக முடியாமல் பீருக்குள்ளேயே கரையும்.

எவ்வளவு சர்க்கரை? கேஸை 'வால்யூம்' என்கிற அலகில் சொல்வாங்க. ஒரு லிட்டர் பீரில் இரண்டு லிட்டர் கேஸ் கரைந்திருந்தால் இரண்டு வால்யூம். பேல் ஏலுக்கு 2.4 வால்யூம் நல்லா இருக்கும். 20 டிகிரியில் நொதித்த பீரில் ஏற்கெனவே சுமார் 0.86 வால்யூம் கரைந்தே இருக்கும். பாக்கி 1.54. ஒரு லிட்டருக்கு ஒரு வால்யூம் ஏற்ற, சாதாரணச் சர்க்கரை கிட்டத்தட்ட 3.8 கிராம் வேண்டும். ஆக லிட்டருக்கு 5.9 கிராம். என்னுடைய பேட்ச் 18 லிட்டர், 355 மில்லி பாட்டிலில் சுமார் 48 வரும். மொத்தச் சர்க்கரை சுமார் 106 கிராம். தராசில் நிறுத்துப் போடணும், ஸ்பூன் கணக்கு இங்கே ஆகாது.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க ஒரே ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. அடைக்கும்போது நொதித்தல் முழுசா முடிந்துவிட்டது என்கிற அனுமானம். முடிந்ததா என்று சொல்வது ஹைட்ரோமீட்டர். பீரின் அடர்த்தியை அளக்கிற மிதக்கும் கண்ணாடிக் குழாய். சர்க்கரை குறையக் குறைய அது இறங்கும். உதாரணமா 1.058-இல் தொடங்கி 1.014-இல் நிற்கும். இரண்டு எண்ணையும் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம், சுமார் 5.8. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

நான் அளக்காத அந்த இரண்டாவது தடவை

ரெண்டு வருஷம் முன்னாடி, பிப்ரவரி ஸ்வாப். ஆபீஸில் ரிலீஸ் இழுத்துக்கொண்டே போனதில், ஆறரை வாரம் நாலரை வாரமா சுருங்கிடுச்சு. எனக்கு அது இரண்டாவது ஸ்வாப். முதல் தடவை கொண்டுபோனது ரொம்பச் சாதாரண பீர், யாரும் ஒன்றும் சொல்லலை. ஒன்றும் சொல்லாததுதான் உறுத்தல். இந்த முறை பேர் வாங்கணும்னு சிட்ரா ஹாப்ஸ் அள்ளிப் போட்ட பேல் ஏல்.

பத்தாம் நாள் அளந்தேன், 1.014. சரி, முடிந்தது. 100 கிராம் ஹாப்ஸை நேராகப் பீருக்குள் போட்டேன். இதுக்குப் பேர் டிரை ஹாப். கொதிக்கவைக்காமல் போடுவதால் மாம்பழம், சாத்துக்குடி மாதிரி வாசனை அப்படியே நிற்கும். மூன்று நாள் கழித்து பாட்டிலில் அடைத்தேன். இரண்டாவது தடவை அளக்கலை. எதுக்கு? அதான் முடிஞ்சிடுச்சே.

ஸ்வாப் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை ராத்திரி ருசி பார்க்க ஒன்றைத் திறந்தேன். மூடி எடுத்த நொடியில் பீர் சீறிக்கொண்டு சமையலறைக் கூரையைத் தொட்டது. பாட்டிலில் மிஞ்சினது கால் பங்கு. அதிலிருந்து கேஸை வெளியேற்றி அளந்தால் 1.010. நாலு புள்ளி இறங்கியிருக்கு.

காரணத்துக்குப் பேர் ஹாப் க்ரீப். ஹாப்ஸ் பூவிலும் கொஞ்சம் என்சைம் உண்டு. கொதிக்கவைத்தால் அது செத்துவிடும். டிரை ஹாப்பில் உயிரோடு உள்ளே போய், ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய சர்க்கரைகளைத் துண்டு போட்டுக் கொடுக்கும். ஈஸ்ட் மறுபடி எழுந்து வேலையைத் தொடங்கும். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் ஹொரேஸ் பிரவுனும் மோரிஸும் 1893-லேயே எழுதி வைத்த விஷயம். நூற்று முப்பது வருஷமா டாக்குமென்ட் ஆன பக். நான் படிக்கலை, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்க. ஒரு புள்ளி இறங்கினால் சுமார் அரை வால்யூம் கேஸ். நாலு புள்ளிக்கு இரண்டு. நான் திட்டமிட்ட 2.4 இப்போ 4.4. அறை வெப்பத்தில் 2.4 வால்யூம் பீர் பாட்டிலைச் சுமார் 26 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தள்ளும். கார் டயரைவிடக் குறைவு. 4.4 வால்யூம் என்றால் 60 பிஎஸ்ஐ. டயரில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள். சாதாரண பீர் பாட்டிலில் மூன்று வால்யூமுக்கு மேல் போகாதீங்கன்னுதான் அனுபவசாலிகள் சொல்லுவாங்க.

பதறிப்போய் ஃப்ரிட்ஜில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு அடுக்கினேன். ஒரு பெட்டி மட்டும் அலமாரியிலேயே இருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு டமால்னு ஒரு சத்தம். பெட்டியின் பக்கம் கிழிந்து, மேலே தொங்கிய என் குளிர்கால ஜாக்கெட்டில் இரண்டு கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. ஜாக்கெட் என் தோள் உயரத்தில் தொங்குகிற ஜாக்கெட்.

கொடுக்கலாமா, கூடாதா?

இப்போ நான் யோசிச்சதை ஒளிக்காமல் சொல்றேன். முதல் யோசனை: சனிக்கிழமை வரை ஃப்ரிட்ஜில் வைத்து, சில்லென்று கொடுத்துவிடலாம். குளிரில் ஈஸ்ட் தூங்கிடும். அழுத்தமும் இறங்கும். 4 டிகிரியில் பீர் அதிகக் கேஸைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும், அதனால் அந்த 60 பிஎஸ்ஐ ஏறக்குறைய பாதியாகிவிடும். சீட்டில் 'குளிரில் வைக்கவும்' என்று எழுதினால் போதாதா?

என்னை இந்தக் குழுவுக்கு அழைத்துப்போனவர் ஈரோட்டுப் பக்கத்து அண்ணா ஒருத்தர், பத்து வருஷமா பீர் செய்கிறவர். காலையில் அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னு எழுதிக் கொடுத்துட்டா ஆகாதுங்களா?"

"தம்பி, உன் வீட்டு ஃப்ரிட்ஜை நீ பார்த்துக்குவ. அந்த 15 வீட்டு ஃப்ரிட்ஜை யாரு பார்த்துக்குவா? போன தடவை நான் வாங்கின பெட்டி மூணு நாள் கார் டிக்கிலயே கிடந்துச்சு. என்ற பாப்பா அதுமேலதான் ஸ்கூல் பையைப் போட்டு எடுத்துட்டு இருந்தா."

அதுக்கு மேல நான் ஒன்றும் கேட்கலை.

முதல்ல வீட்டில் இருந்ததைப் பாதுகாப்பாக்கணும். மூக்குக்கண்ணாடி போதாது, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, அதே கிழிந்த ஜாக்கெட். அறை வெப்பத்தில் இருந்த பாட்டில்களை வெறும் கையால் தொடாமல், கனத்த துண்டைப் போர்த்தி, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்து பால்கனிக்குக் கொண்டுபோனேன். பிப்ரவரி குளிர் மீதியைப் பார்த்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து, நன்றாகக் குளிர்ந்தபின், ஒவ்வொன்றையும் துண்டுக்குள் வைத்து மூடியை லேசா நெம்பி, கேஸை விட்டேன். பெரும்பாலானதைச் சிங்க்கில் கொட்டினேன். நாலரை வாரம் சிங்க்கில் போறதைப் பார்க்கிறது கஷ்டம்தான். வீடு முழுக்க மாம்பழ வாசனை வேற.

கராஜ் வீட்டுக்காரருக்கு விஷயத்தைச் சொன்னேன். அறுபது வயதுக்காரர். "கிளாஸை எடுத்துக்கிட்டு வா, பாட்டிலை விட்டுடு" என்றார். ஐஸ்பெட்டியில் ஆறே ஆறு பாட்டிலோடு போனேன், எல்லாம் கேஸ் விட்டது. அங்கேயே ஜக்கில் ஊற்றி எல்லாரும் ருசி பார்த்தோம். நல்லா இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்! என் பங்கு இல்லாததால் மத்தவங்க பாட்டிலையும் நான் எடுக்கலை. அவங்க கொடுத்தாங்க, நான்தான் வேண்டாம்னேன்.

அன்றைக்கு வீட்டுக்காரர் ஒரு சின்ன வித்தை காட்டினார். ஒவ்வொரு பேட்ச் அடைக்கும்போதும் ஒரே ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடைப்பாராம். காற்றைப் பிதுக்கி மூடிவிட்டு, தினமும் விரலால் அமுக்கிப் பார்க்கணும். கேஸ் ஏற ஏற அது இறுகும். ஒரு வாரத்தில் கல்லு மாதிரி ஆனால், கண்ணாடி பாட்டில்கள் உங்களிடம் ஏதோ சொல்ல முயற்சிக்குதுன்னு அர்த்தம். நம்ம பாஷையில், காசு செலவில்லாத மானிட்டரிங்.

சுருக்கமா

தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்க. டிரை ஹாப் போட்டால், போட்டதுக்கு அப்புறம் மறுபடி மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளங்க. சர்க்கரையை நிறுத்துப் போடுங்க. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வையுங்க. ஸ்வாப்புக்கு ஒரு வாரம் முன்னாடி ஒன்றைத் திறந்து பாருங்க, முந்தின நாள் இல்லை. சந்தேகம் இருந்தால் கொண்டுபோகாதீங்க, சொல்லிடுங்க.

அடுத்த ஸ்வாப்புக்கு ஏழு வாரம் முன்னாடியே தொடங்கினேன். டிரை ஹாப் இல்லாத சாதாரண ஸ்டவுட். 15 பாட்டில், 15 சீட்டு. அந்த அண்ணா மட்டும் என் பாட்டிலை வாங்கினதும் காது கிட்ட வைத்துக் கேட்டுப் பார்த்தார். இப்பவும் ஒவ்வொரு தடவையும் அதையே செய்கிறார்.

அடுத்த வாரம் திரும்ப நம்ம ரூட்டு: பழைய லேப்டாப்பை வீட்டு சர்வராக மாற்றுவது எப்படி? அதுவரைக்கும், எதையும் ரெண்டு தடவை அளங்க. வரட்டுமா!